காட்டுப்பூண்டு வாசம்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில், மரங்கள் துளிர்க்கும் முன்பே தரையைப் பச்சையாக்கிவிடும் ராம்ப்ஸ் என்ற காட்டுப்பூண்டு. அகன்ற, வழவழப்பான இலை. கருஞ்சிவப்பு ஓடிய காம்பு. அடியில் வெள்ளைக் கிழங்கு. இலையைக் கசக்கினால் வெங்காயமும் பூண்டும் சேர்ந்து மூக்கில் ஏறும். பச்சையாகத் தின்றுவிட்டு வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிய கதைகள் அங்கே ஏராளம். பன்றிக்கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கி, முட்டை உடைத்து ஊற்றினால் அந்த நெடி அடங்கி இனிப்பு தலைகாட்டும்.

விதை விழுந்து பூப்பதற்கு 5 முதல் 7 ஆண்டுகள். நகரத்து உணவகங்களுக்கோ அவசரம். கிழங்கோடு பிடுங்கிப் பல இடங்களை மொட்டையடித்தாயிற்று. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995-லேயே விற்பனைக்குத் தடை போட்டது. அந்த மலைகளின் பழங்குடியினரான செரோக்கி மக்களோ தங்கள் வழக்கப்படி வேரை மண்ணில் விட்டு மேலே அறுப்பார்கள். எனக்கென்னவோ கிழங்கைவிட இலைதான் ருசி.