முல்லைக்கு வேண்டியது வாள்

முல்லை என்றதும் எல்லோருக்கும் பாரியின் தேர்தான் நினைவுக்கு வரும். செடி வளர்ப்பவர்கள் நினைக்க வேண்டியது தொண்டைமானின் வாளை.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில். படையோடு வந்த மன்னன் தொண்டைமானின் யானை இங்கே முல்லைப் புதரில் சிக்கிக்கொண்டதாம். கொடியை வெட்டியபோது வாள் உள்ளிருந்த லிங்கத்தில் பட்டுக் குருதி பெருகியது என்கிறது தலபுராணம். சுந்தரர் பதிகத்திலேயே அந்த யானை வந்துவிடுகிறது. மூலவருக்கு இன்றும் சந்தனக்காப்பு. கருவறை முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். வேலியோர எருக்கையே பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பருமனைக் கண்டு கொஞ்சம் நிற்பார்கள்.

தொண்டைமான் மனம் வருந்தினான். ஆனால் கொடியின் கணக்கில் அவன் செய்தது கவாத்து. முல்லை பூப்பது புதிதாக விடும் தளிரில். தொடாமல் விட்டால் பந்தலை மூடிப் பச்சைப் பசேலென்று கிடக்கும், பூவைத் தேட வேண்டியிருக்கும். மல்லிகையை நவம்பர் கடைசியில் வெட்டுவார்கள், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியில், முல்லையை ஜனவரி கடைசியில். தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, மேலே உள்ளதையெல்லாம் கழிக்க வேண்டும். பார்ப்பதற்குக் கொலைபாதகம் போலிருக்கும். எருவும் நீரும் கொடுத்தபின் கணுவுக்குக் கணு துளிர் வெடிப்பதைப் பார்த்தவர்கள் மறுவருடம் தயங்க மாட்டார்கள்.

முல்லையை இலையிலேயே அடையாளம் காணலாம். பெரிய இலையின் அடியில், காதுமடல் போல இரண்டு குட்டி இலைகள் பல இடங்களில் ஒட்டியிருக்கும். மொட்டு மல்லிகையைவிட ஒல்லி. தொடுப்பதற்குப் பொறுமை வேண்டும். மணத்தில் மல்லிகையின் ஆர்ப்பாட்டம் கிடையாது. எனக்கு முல்லைதான் ஒரு படி மேல்.

பூவை அறிந்த கைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பூந்தமல்லியில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்து, காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோய்ச் சாத்தியவர். ராமானுஜரே குருவாக மதித்தவர். பக்தியைப் பேசுகிறவர்கள் அவருடைய தொழில்ஞானத்தைப் பேசுவதில்லை. காஞ்சி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மோட்டார் வண்டியோ ரயிலோ இல்லாத காலம். விடியலில் எந்த மொட்டைப் பறித்தால் சந்நிதியில் விரியும் என்று கை அறியாதவருக்கு அந்தத் தூரம் கைகூடாது.

இன்றைய அம்பத்தூர் அடுக்ககங்களிலும் முல்லை வரும். அகலமான தொட்டி, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும், ஏற ஒரு கொம்பு. கடின போர் தண்ணீரில் இலை வெளுக்கும், மழைநீர் கிடைத்தால் பிடித்து ஊற்றலாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். கூடத்து மூலையில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று குறைசொல்லக் கூடாது. ஜனவரியில் கத்தரி எடுக்க மனம் வராதவர்கள் மணிபிளான்ட் வாங்கிக்கொள்ளலாம்.