புலம்பெயர்ந்தோர் விழாக்கள்: ஒரு மதிப்பீடு

விழாவென்பது ஒரு மக்கட் கூட்டத்தார் குறித்த நாளிலே, குறித்த இடத்திலே, தங் கையாற் செய்யும் செயலாகும். நாள், இடம், கை என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்து கிடக்கும் தாய்நாட்டில் அவற்றைப் பிரித்து நோக்க வேண்டிய தேவை எழுவதில்லை. கடல் கடந்து குடியேறிய மக்களிடையேதான் அவை வெவ்வேறாகப் பிரிகின்றன. விழாவின் உயிர் எதில் உள்ளது என்னும் வினாவுக்கு விடை காண விழைவோர் குடியேறியோரின் விழாக்களை ஆராய்தல் பயன்றரும்.

அவ்விழாக்களைப் பற்றி யாழ்ப்பாணத்திலே அடிக்கடி கூறப்படும் குறையொன்றுண்டு. தைப்பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளுகின்றனர், தேரை ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டுகின்றனர், விடுமுறைக்கேற்பத் தெய்வத்தை வளைக்கின்றனர் என்பதே அக்குறை. இக்கூற்றில் உண்மை உண்டு. அவ்வுண்மையினின்றும் பெறப்படும் தீர்ப்பு நேரியதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

விழா விடுமுறையைத் தேடிச் சென்றமை இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னுங் கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொட்டு 1911 வரையும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலார் சென்னை மாகாணத்தவர். கரும்புத் தோட்டத்திலே உழைத்த அம்மக்களுக்குப் பஞ்சாங்கம் வகுத்தவர் தோட்டத்துரையே. முகரம் நாள்களில் அவர்க்கு விடுமுறை கிடைத்தமையால், இந்துக்களும் முஸ்லிம்களோடு கூடி அவ்விழாவைத் தமதாகக் கொண்டாடினர். 1908இல் அங்குச் சென்ற சுவாமி சங்கரானந்தர் அதனைக் கண்டித்துத் தீபாவளியைப் போற்றுமாறு இந்துக்களை வற்புறுத்தினார். மாரியம்மன் விழாவின் வரலாறும் இத்தகையதே. பெரிய வெள்ளியன்று தோட்டங்களில் வேலையில்லை. ஆதலின் மவுண்ட் எட்ஜ்கம், இசிப்பிங்கோ முதலிய இடங்களிலுள்ள மாரியம்மன் கோயில்களில், கிறித்தவர் தேவாலயஞ் செல்லும் அந்நாளிலேயே இந்துக்களின் பெருவிழாவும் நிகழலாயிற்று. விடுமுறை பலவாகிய பின்னரும் அவ்வழக்கம் மாறவில்லை. வேற்றுச் சமயத்தார் நாளிலே நடைபெறுதலால் அம்மன் வழிபாடு அங்குத் தேய்ந்ததென எவருங் கூறார்.

நாளைப் பற்றி மேலும் ஒன்று சிந்திக்கத் தக்கது. திதி தொடங்குங் கணம் உலகெங்கும் ஒன்றே. ஞாயிறு எழும் நேரமோ ஊர்தோறும் வேறு. தை மாதத்திலே கனடாவின் ரொறன்ரோ நகரம் இலங்கைக்குப் பத்தரை மணி நேரம் பிந்தியது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஞாயிறு எழும்போது நிற்குந் திதி அங்கு ஞாயிறு எழுமுன் கழிந்துவிடுதலுங் கூடும். அத்தகைய ஆண்டில் விரதமும் விழாவும் அங்கு வேறு திகதியில் வருதல் சாத்திரத்துக்கு முரணாகாது. வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு, புத்தாண்டுப் பிறப்பு நேரத்துக்கு இரு கணக்குக் கூறும் யாழ்ப்பாணத்தார், பிறர் நாளை மாற்றினரென்று கடிந்துரைத்தல் பொருந்தாது. இனி, உத்தராயணம் பிறக்கும் நாளென்று தைப்பொங்கலைப் போற்றுகின்றோம். பூமத்திய ரேகைக்குத் தெற்கேயுள்ள நேட்டாலிலே தை மாதம் கோடைகாலம்; அங்கு அப்பொழுது பகல் வளர்வதில்லை, குறைகின்றது. வானத்தின் சான்று மாறிய இடத்தும் தமிழர் பொங்கலைக் கைவிடாமையை நோக்குமிடத்து, விழாவின் வேர் நாளைக் காட்டினும் ஆழமான ஓரிடத்திற் செல்கின்றதென்பது புலனாகும்.

அடுத்து இடத்தை நோக்குவோம். வீட்டினுள்ளே செய்யும் வழிபாட்டை அயலார் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை; தெருவுக்கு வரும்போதே வழக்குப் பிறக்கின்றது. திரினிடாட் தீவிலே இந்தியத் தொழிலாளர் முகரம் ஊர்வலமாகச் சான் பெர்ணாண்டோ நகரினுள் நுழைதலை அரசு தடைசெய்தது. தடையை மீறிச் சென்றவர்மீது 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி துப்பாக்கிப் பிரயோகஞ் செய்யப்பட்டது. 16 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவ்வூர்வலத்தில் முஸ்லிம்களோடு இந்துக்களும் இருந்தனர். ஒரு நூற்றாண்டு கழிந்தபின் ஈழத்தமிழர் ஐரோப்பாவிலே வேறொரு நிலையைக் கண்டனர். யேர்மனியின் ஹம் நகரிலே 1989இல் ஒரு வீட்டு நிலவறையில் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு, 1993இல் வீதியுலாவாக வெளிவந்தது. 2002இல் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதியிலே கோபுரத்தோடு கூடிய கோயிலாக அது நிலைபெற்றது. இன்று அங்கே தேர் ஓடும் ஞாயிற்றுக்கிழமையில் பல்லாயிரவர் கூடுகின்றனர். கப்பலோடும் கால்வாயிலே தீர்த்தம் நடைபெறுகின்றது. இவ்விழாவை வேலைநாளிலே வைத்திருப்பின் வடம் பிடிப்பார் யாவர்? பலர் கூடி இழுத்தாலன்றித் தேர் அசையாது. பலர் கூடுதற்குரிய நாளைத் தேர்தல் அவ்விழாவின் இயல்போடு பொருந்துவதேயாகும்.

இதுகாறும் கூறியவற்றால் குடியேறியோர் செய்வன யாவுங் குற்றமற்றன எனக் கொள்ளுதல் கூடாது. கூட்டுவிழாவுக்குப் பொருந்தும் நியாயத்தை வீட்டுவிழாவுக்கும் ஏற்றியுரைத்தலே அவரிடத்துக் காணப்படும் பிழையாகும். தைப்பொங்கல் வீட்டுக்குரிய விழா. அதற்கு வடமும் வேண்டா, கூட்டமும் வேண்டா. முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, மூன்று கற்களை வைத்துப் பானையேற்றி, பால் பொங்கிய பின் குடும்பத்தலைவர் இரு கையாலும் அரிசியை அள்ளிப் பானையை மும்முறை சுற்றி இடுவர். அவர்பின் வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும், சிறு குழந்தை ஈறாக, அவ்வாறே இடுவர். அக்குழந்தைக்குப் பொங்கலின் பொருளை எவருஞ் சொற்பொழிவாற் கற்பிப்பதில்லை. அதன் கை அதனைக் கற்றுக்கொள்கின்றது.

ரொறன்ரோவிலே தை மாதத்தில் நிலம் பனியால் மூடிக் கிடக்கும். ஞாயிறு எழ எட்டு மணி அளவாகும். அடுக்குமாடி வீட்டில் முற்றமும் விறகடுப்பும் இல்லை. ஆயினும் சாளரத்தருகே ஒரு கைப்பிடி மாவாற் கோலமிட்டு, மின்னடுப்பிலே சிறு பானை வைத்து, வேலைக்கும் பாடசாலைக்கும் புறப்படுமுன் குடும்பத்தவர் அரிசியிடுதல் இயலாததன்று. அவ்வாறு செய்யுங் குடும்பங்கள் பல உள. நேட்டாலின் கூலித் தொழிலாளிக்கு நாளில் ஒரு நாழிகையேனுஞ் சொந்தமாயிருந்ததில்லை. இவர்க்கோ அரை மணி நேரம் உண்டு. அந்த அரை மணி நேரத்தையும் விட்டு, ‘சனிக்கிழமை மண்டபத்திலே பொங்கல் விழா இருக்கின்றதே’ என அமையும் இடத்தில்தான் இழப்புத் தொடங்குகின்றது. மண்டபத்திலே பிரதம விருந்தினர் பேசுவர், பிள்ளைகள் ஆடுவர், விலைக்கு வாங்கிய பொங்கல் தாளிலான கிண்ணத்தில் வழங்கப்படும், மேடையிலே வண்ணந்தீட்டிய பானையொன்று காட்சிக்கு வைக்கப்படும். அப்பானையில் எந்தக் குழந்தையும் அரிசியிட்டதில்லை. விழாவைக் காண்பார் பெருகிச் செய்வார் அருகினர்.

மண்டப விழா வேண்டாததென்பது இதன் கருத்தன்று. தனித்து வாழ்வாரை ஒன்றுசேர்த்தற்கும், பிறநாட்டார்க்குத் தமிழர் பண்பாட்டை அறிவித்தற்கும் அது பெரிதும் உதவும். 2016இல் கனடியப் பாராளுமன்றம் தை பிறக்கும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றமைக்கு இத்தகைய பொதுவாழ்வும் ஒரு துணையெனலாம். ஆயின் அரசு தரும் ஏற்பு வெளிக்கதவைத் திறக்குமேயன்றி அடுப்பை மூட்டாது. மண்டபம் வீட்டுக்குத் துணையாய் நிற்றல் வேண்டும்; வீட்டுக்கு மாற்றாய் நிற்றலாகாது. மொழியைப் பற்றிய கவலைக்கும் இதுவே விடை. தமிழ் நன்கறியாத பிள்ளைக்கு அந்நாட்டு மொழியிலேயே விழாவின் பொருளை விளக்குதல் இழுக்கன்று. பொருளும் விளக்காது, செயலும் பழக்காது, பட்டுடை உடுத்தி முன்வரிசையில் இருத்துதலே இழுக்காகும்.

குறை கூறுவோர் தம்மையும் நோக்கிக்கொள்ளுதல் நன்று. 1983இன் பின் அயல்நாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிதாயிற்று. முற்றமும் விறகும் வெயிலும் ஈண்டு உள. எனினும் கடையில் வாங்கிய ஒட்டுக்கோலத்தை வாயிலில் ஒட்டி, தொலைக்காட்சியிற் பொங்கல் விழாக் காணும் வீடுகள் இங்கும் பெருகி வருகின்றன. நாள் தவறாது, இடமும் பெயராது, கை மட்டும் ஓய்ந்திருக்கும் இத்தகைய வீட்டினும், சனிக்கிழமையிலேனும் பிள்ளையைப் பானையருகே நிறுத்தி அரிசியிடச் செய்யும் ரொறன்ரோ வீடு விழாவுக்கு அணித்தானது. அப்பிள்ளை வளர்ந்து தன் வீட்டிலும் ஒரு பானையை ஏற்றுமா என்பதைக் கொண்டே குடியேறியோரின் விழாவை மதிப்பிடல் தகும்.