பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இரண்டரை மில்லிமீட்டர்

'மூடுபனி' பார்த்திருக்கிறீர்களா? 1980-இல் வந்த படம், இளையராஜாவுக்கு நூறாவது. பிரதாப் போத்தன் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுவார், குரல் ஜேசுதாஸ். அந்தக் கிட்டார் சத்தம் சின்ன வயதில் என் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்ததுதான், இன்னும் இறங்கவில்லை. அந்த ராஜாவே கிட்டார்க்காரர்! பண்ணைப்புரத்தில் இருந்து வந்து, லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, இருந்தால் என்ன? ஒரு கிட்டார் வாங்கியே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து மவுண்ட் ரோடு, மியூசி மியூசிகல். 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை. எத்தனை தலைமுறை அந்த வாசலில் கால் வைத்திருக்கும், யோசிச்சுப் பாருங்க! உள்ளே போனதும் மரமும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை அடித்தது, வரிசையாகக் கிட்டார்கள் தொங்கின, எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றேன். கடைத் தம்பி, "சார், முதல்ல உக்காந்து மடியில வச்சுப் பாருங்க. தோள் தூக்காம கை போகுதான்னு பாருங்க, அப்புறம் மத்ததெல்லாம்" என்றார். அருமையான பாடம்! நைலான் கம்பி விரலுக்கு மெத்தென்று இருந்தது, ஆனால் நெக் அகலம், என் கை குட்டை. எனக்கு வேண்டியதோ சினிமாப் பாட்டில் கேட்ட அந்த கணீர் சத்தம், அதற்கு இரும்புக் கம்பிதான். உடம்புப் பக்கம் இருந்து நெக்கைத் துப்பாக்கிக் குறி பார்க்கிற மாதிரி பார்த்தேன், முறுக்கல் இல்லை. ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தித் தட்டிப் பார்த்தேன், எங்கேயும் கரகரப்பு இல்லை. முதல் கிட்டாருக்கு இவ்வளவு பார்த்தால் போதும், சத்தியமாகப் போதும்.

நான் எடுத்தது யமஹா எஃப் 280. அது எங்கே செய்தது தெரியுமா? நம்ம பக்கத்தில்! பூந்தமல்லியில் பெங்களூர் ஹைவேயைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் ரோட்டுக்குத் திரும்பினால் வல்லம் வடகால் சிப்காட். 2019-இல் அங்கே யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது, கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் அங்கிருந்து வருகின்றன. நம் ஊர் ஆட்கள் கை பட்டுச் செய்த கிட்டார் என் மடியில்! ரயிலில் திரும்பும்போது பையைக் கட்டிப்பிடித்தபடியே வந்தேன். வில்லிவாக்கத்தில் ஒரு பெரியவர், "என்னப்பா, வீணையா?" என்றார். அம்பத்தூர் வரும்வரை அவருக்குக் கிட்டார் கதைதான்.

இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறேன். செட்டப்! புதுக் கிட்டாரில் பெரும்பாலும் கம்பியைக் கொஞ்சம் உயரமாகத்தான் விட்டிருப்பார்கள், வாங்குகிறவர் எப்படி வாசிப்பார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை நம் விரலுக்கு இறக்குவதில்தான் மொத்த சுகமும் இருக்கிறது. நினைச்சுப் பாருங்க, ஆறு கம்பியும் சேர்ந்து நெக்கை எழுபது கிலோ அளவுக்கு இழுக்கின்றன, அதை எதிர்த்து நெக்குக்குள்ளே ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஒளிந்து நின்று தாங்குகிறது! முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கேப்போவைப் போட்டு, உடம்போடு நெக் சேரும் பதினாலாவது ஃப்ரெட்டில் தடிக் கம்பியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஃபீலர் கேஜை நுழைத்தேன், தினமும் டையில் நுழைக்கிற அதே கேஜ், 0.25 பிளேடு போக மாட்டேன் வருவேன் என்று உரசிக்கொண்டு போனது பாருங்க, எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது, ஆலன் கீயைத் தொடவே தேவையில்லை, நெக் சரியான வளைவில் நிற்கிறது! அடுத்து பன்னிரண்டாம் ஃப்ரெட், தடிக் கம்பிக்குக் கீழே மூன்று மில்லி இருந்தது, எனக்கு இரண்டரை வேண்டும், அந்த ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் அங்கே அரை மில்லி குறைய, உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கிற சேடிலில் ஒரு முழு மில்லி எடுக்கணும், இந்தக் கணக்கு எவ்வளவு அழகு! கம்பியைத் தளர்த்தி, வெள்ளைச் சேடிலை உருவி, அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, சாயாமல் நேராகத் தேய்த்துத் தேய்த்து வெர்னியரில் அளந்து, திரும்பப் போட்டு, பத்தாம் நம்பர் மெல்லிசுக் கம்பி செட்டை மாட்டி, டியூன் செய்ய உட்கார்ந்தேன்.

கேளுங்க, இதுதான் உச்சம்! தடிக் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்திப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துத் தட்டினால், சுதி சேராத வரை 'வாங்… வாங்… வாங்' என்று ஓர் அலை ஆடும். சாவியைத் திருகத் திருக அலை மெதுவாகும், இன்னும் மெதுவாகும், சட்டென்று நின்றுவிடும். இரண்டு கம்பியும் 110 ஹெர்ட்ஸில் ஒரே சத்தமாகிவிடும், பெட்டி நெஞ்சில் அதிரும்! வேண்டுமென்றே கலைத்துக் கலைத்துத் திரும்பத் திரும்பச் சேர்த்தேன். மகள் வந்து, "அப்பா, பாட்டு எப்ப வாசிப்பீங்க?" என்றாள். அடியேய், இதுவே பாட்டுதான்! அப்புறம் ஈ மைனர், இரண்டே விரல், ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். வீடு முழுக்க நிறைந்தது. என் கண்ணிலும் நிறைந்தது.

விரல் நுனி எரியும்தான், எஃப் கார்டு கொஞ்சம் படுத்தும்தான். காய்ப்பு ஏறிவிட்டால் அதெல்லாம் ஒன்றுமில்லை. வாசித்ததும் கம்பியைத் துடைத்துவிடுங்க, நம் ஊர் வியர்வைக்கு இரும்பு துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை லேசாக உப்பும், கம்பி மறுபடி உயரும். அப்போது இன்னொரு முறை அளந்து பார்க்கிற பாக்கியம் கிடைக்கும்! ஆவடியோ, திருமுல்லைவாயலோ, பூந்தமல்லியோ, கிட்டார் வாங்கிவிட்டுக் கம்பி அழுந்தவில்லை என்று மூலையில் சாத்தி வைத்திருக்கிறீர்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஜும் உப்புத்தாளும் பையிலேயேதான் இருக்கின்றன, ஷிஃப்ட் முடிந்ததும் வந்துவிடுகிறேன்.