புகை மணக்கும் மூன்று மைல்

லஃப்ரோய்க் விஸ்கியில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் டிஞ்சர், பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் வரிசைகட்டி மூக்கில் ஏறும். பின்னாலேயே கடற்பாசியும் கருகிய கயிறும் வரும். இதைப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறாயே என்று என் வீட்டில் கேட்காதவர்கள் கிடையாது. நான் பதிலே சொல்வதில்லை. ஒரு வாய் உறிஞ்சி, அந்த டிஞ்சர் வாடை மெல்ல விலகி, அடியிலிருந்து வெனிலா இனிப்பு எழுந்து வருவதை நாக்கில் உணர்ந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை. உணராதவனுக்கு விளக்கிப் பயனில்லை.

ஆஸ்பத்திரி வாடை என்பதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, மருந்து என்ற பெயரில் சட்டப்படியே உள்ளே போன சரக்கு இது. முகர்ந்து பார்த்த எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது ஐலா தீவு. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் இடம். கென்னக்ரெய்க் துறையில் கப்பலேறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போர்ட் எல்லன் ஊரில் இறங்கிக் கிழக்கே கரையோரமாக நடந்தால் மூன்று மைலுக்குள் லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று வடிசாலைகள். மூன்றும் 1815, 1816 வாக்கில் தொடங்கியவை. வெள்ளையடித்த சுவரில் கறுப்பு எழுத்தில் ஆளுயரத்துக்குப் பெயர் எழுதியிருப்பார்கள். நடந்துபோக என்றே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. அந்தப் பாதையில் காற்று திசை மாறும்போதெல்லாம் ஒரு புகை வாசம் வரும். எனக்கு அங்கேயே பாதி போதை.

அந்தப் புகைதான் ஐலாவின் கதை முழுக்க. தீவில் மரம் குறைவு, சதுப்பு நிலம் அதிகம். பாசியும் ஹீதர் புதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஈரத்தில் அரைகுறையாய் மக்கி அழுந்திக் கிடக்கும். பீட் என்பார்கள். செங்கல் அளவுக்கு வெட்டிக் காயவைத்தால் அதுதான் விறகு. முளைகட்டிய பார்லியை இந்த நெருப்பின் புகையில் உலர்த்தி மால்ட் ஆக்குகிறார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு நொதித்தாலும், இரண்டு தடவை வடித்தாலும், பத்து வருஷம் பீப்பாயில் அடைத்தாலும் அந்த வாசம் போவதே இல்லை.

லஃப்ரோய்க்கில் தங்களுக்கு வேண்டிய பார்லியில் ஒரு பகுதியை இன்னும் தரையில் பரப்பித்தான் முளைகட்டுகிறார்கள். நீண்ட கூடம், தாழ்ந்த கூரை, தரை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்கு ஈரப் பார்லி. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது புரட்டிப்போட வேண்டும். அந்தக் காலத்தில் மரத் துடுப்பால் புரட்டிப் புரட்டி ஆட்களின் ஒரு தோள் தொங்கிப்போகுமாம். ‘மங்கி ஷோல்டர்’ என்று அதற்குப் பெயரே உண்டு. புகைபோட்ட தானியத்தில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் பொரிகடலை மாதிரி மொறுமொறுப்பு. மெல்ல மெல்ல மால்ட்டின் இனிப்பு. விழுங்கி முடித்த பிறகு தொண்டையின் பின்பக்கத்திலிருந்து புகை. விஸ்கி ஆவதற்குப் பல வருஷம் முன்பே அந்த ஒற்றைத் தானியத்துக்குள் விஸ்கி உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஆலையை ஒரு பெண்மணி நடத்தினார் என்பதை நினைத்தாலே எனக்குக் குஷி. பெஸ்ஸி வில்லியம்சன் 1934-இல் கோடைக்காலத் தற்காலிக வேலைக்கு, சுருக்கெழுத்துத் தட்டச்சராக வந்தவர். 1954-இல் முதலாளி இயன் ஹண்டர் இறந்தபோது ஆலையையே அவரிடம் விட்டுப் போனார். ஸ்காட்லாந்து விஸ்கித் தொழிலே ஆண்களின் கோட்டையாக இருந்த காலம் அது. 1972 வரை ராணி மாதிரி இருந்தார்.

சரி, லகவூலினுக்கு வருகிறேன். கைகூப்பிக்கொண்டுதான் வருகிறேன்.

லகவூலின் 16 வருஷம். 43 சதவீதம். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் பழைய பித்தளையின் நிறம். உடனே குடிக்கக் கூடாது. கால் மணி நேரமாவது விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்பில் வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி முகர வேண்டும். புகை இருக்கிறது, ஆனால் லஃப்ரோய்க் மாதிரி அடித்துக்கொண்டு வராது. அத்திப்பழம், உலர்ந்த திராட்சை, கடுந்தேநீர் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வரும். ஒரு வாய். நாக்கில் எண்ணெய்போலப் பரவும். முதலில் இனிப்பு, நடுவில் உப்பு, அதற்கப்புறம் புகை. அந்தப் புகை போகாது. நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள், போன் எடுப்பீர்கள், வேறு எதையோ யோசிப்பீர்கள். அது பாட்டுக்கு உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். இத்தனை நீளமான பின்சுவை வேறெந்தப் பானத்திலும் எனக்கு வாய்த்ததில்லை. கள், ஒயின், காபி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்மூரில் ‘ராவா அடிக்கிறவன்’ என்றால் வீரன். ஐஸ், சோடா, கோலா ஊற்றிக் கலப்பவன் சாமானியன். இரண்டு கட்சியிலும் நான் இல்லை. முதல் வாய் அப்படியே. அப்புறம் சில சொட்டுத் தண்ணீர், சொட்டு மட்டும். இது ரசிகர்களின் மூடநம்பிக்கை என்று கேலி செய்தவர்கள் உண்டு. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். புகைச் சுவையைத் தரும் குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் செறிவு அதிகமாக இருக்கும்போது திரவத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்து செறிவு குறைந்தால் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேலே வந்தால் மூக்குக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஊறுகாயும் மிக்சரும் தொட்டுக்கொண்டு லகவூலின் குடிப்பவரை எந்த ஆய்வும் காப்பாற்றாது.

லஃப்ரோய்க்குக்கும் லகவூலினுக்கும் இடையே ஒரு மைல் இருந்தால் அதிகம். அதே கடல், அதே பீட், அதே மழை. சுவையோ வேறு வேறு. இதைத் தாங்க முடியாமல் போன ஆள் ஒருவர் உண்டு: லகவூலினின் பீட்டர் மெக்கி. ஒயிட் ஹார்ஸ் விஸ்கியை உலகெங்கும் கொண்டுசென்ற பெரும்புள்ளி. லஃப்ரோய்க்கின் விற்பனை உரிமை அவர் கையில் இருந்தது. 1907-இல் அது பறிபோனதும் மனிதர் கொதித்துப்போனார். பக்கத்து ஆலைக்குப் போகும் ஓடையைக் கற்களால் அடைத்தார். கோர்ட்டு திறந்துவிடச் சொன்னது. மறுவருஷம் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று இன்னொரு வடிசாலை கட்டினார். லஃப்ரோய்க்கின் செம்பு வாலைகள் எந்த வடிவமோ அதே வடிவம், அங்கிருந்தே ஆளும் பிடித்துவந்தார். எல்லாம் நகல். வந்தது லஃப்ரோய்க் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் மால்ட் மில்லை மூடிவிட்டார்கள். கென் லோச்சின் ‘தி ஏஞ்சல்ஸ் ஷேர்’ படத்தில் கிடைத்தற்கரிய பீப்பாய் ஒன்றைத் தேடிக் களவாடப் போவார்களே, அது இந்த மால்ட் மில் பீப்பாய்தான். மெக்கிக்கு நான் நன்றிக்கடன்பட்டவன். சுவையைக் களவாட முடியாது என்பதை இவ்வளவு செலவு செய்து வேறு யார் நிரூபித்திருப்பார்கள்?

ஆர்ட்பெக் 10 எலுமிச்சைத்தோலும் தாரும் சேர்ந்த வெடி. 46 சதவீதம், குளிர்வித்து வடிகட்டுவதில்லை. இளைஞர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஆனால் மழைநாளில் மட்டும்.

ஃபீனால் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மால்ட்டில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்று அளப்பார்கள்; லஃப்ரோய்க்குக்கு 40-ஐ ஒட்டி, ஆர்ட்பெக்குக்கு 55-ஐ ஒட்டி. அதே தீவின் ப்ரூக்லாடி ஆலை தன் ஆக்டோமோர் வரிசையில் ஒரு முறை 309 வரைக்கும் போயிருக்கிறது. குடித்து முடித்துவிட்டு அந்த எண்ணைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என் நாக்குக்கு அந்த எண் சொல்கிற அளவுக்குப் புகை தெரியவில்லை. மால்ட்டில் அளந்த எண் அது. கோப்பைக்கு வந்துசேர்வது எவ்வளவு என்பது வாலையும் பீப்பாயும் முடிவு செய்வது.

வயதும் அப்படித்தான். பாட்டிலில் எண் ஏற ஏற உசத்தி என்று நினைக்கிறோம். பீப்பாய் மூச்சுவிடும் மரம். உள்ளிருப்பது ஆவியாகிக்கொண்டே இருக்கும். தேவதைகளின் பங்கு என்று ஸ்காட்லாந்தில் சொல்வார்கள். அங்கே குளிர், ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம்தான் போகும். பதினாறு வருஷம் கிடந்தாலும் முக்கால்வாசியை ஒட்டி மிஞ்சும். அதே பீப்பாயைப் பெங்களூரில் வைத்துப் பாருங்கள்! ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் காலி. எட்டு வருஷத்தில் பாதிக்குமேல் பறந்துவிடும். ஆனால் அந்தச் சூட்டில் மரத்துக்குள் சாராயம் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. ஸ்காட்லாந்தில் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஏறுகிற நிறமும் மணமும் இங்கே நாலைந்து வருஷத்தில் ஏறிவிடும்.

அம்ருத் நிறுவனம் 1948-இல் பெங்களூரில் தொடங்கியது. இந்தியாவில் விஸ்கி என்று விற்பவற்றில் பல மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. அந்த நாட்டிலிருந்து பார்லி சிங்கிள் மால்ட்டைத் தூக்கிக்கொண்டு, 2004-இல் நேரே கிளாஸ்கோவுக்கே போய் அறிமுகம் செய்தார்கள். திருநெல்வேலிக்கு அல்வா கொண்டுபோன கதை. என்ன நெஞ்சழுத்தம்! 2010-இல் ஜிம் மர்ரே தன் ‘விஸ்கி பைபிள்’ நூலில் அம்ருத் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். வடஇந்தியப் பார்லியும் ஸ்காட்லாந்தின் புகைபோட்ட பார்லியும் கலந்தது. 50 சதவீதம். முகர்ந்தால் ஆரஞ்சுத்தோல், வாயில் காபியும் கறுப்புச் சாக்லேட்டும், முடியும்போது இழையாக ஒரு புகை. இதில் ஐலாவும் இருக்கிறது, ஆனால் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. 2013-இல் எட்டு வருஷச் சரக்கை வெளியிட்டபோது ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’, பேராசைக்காரத் தேவதைகள் என்றே பெயர் வைத்தார்கள். என் பணப்பை அந்தத் தேவதைகள் பக்கம் போகக்கூடியது இல்லை. ஃப்யூஷன் போதும். ஐந்தாறு மடங்கு விலை கொடுத்துப் பழைய ஸ்காட்ச் வாங்கி அலமாரியில் காட்சிக்கு வைப்பவர்கள் ஒரு தடவை இதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்க்கட்டும்.

இன்னும் கிட்டத்தில் ஒரு அதிசயம் இருக்கிறது, நாம்தான் கண்டுகொள்வதில்லை. இலங்கையின் தென்னஞ்சாராயம், அதாவது அரக்கு. களுத்துறைப் பக்கத்துத் தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கீழே இறங்காமலே வானத்தில் நடந்து பாளை சீவுகிறார்கள். இறக்கிய கள்ளுக்கு ஈஸ்ட் சேர்க்கத் தேவையில்லை, மால்ட் தேவையில்லை. தானே நுரைத்துப் பொங்கும். அதை வடித்து ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஊறவிடுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் திருகோணமலை மரம் என்று பெயரிட்ட மரம் இது. மதராஸ் கடற்கரையின் மசூலா படகுகளைக் கட்ட இதைத்தான் வரவழைத்தார்கள். ஓக் மாதிரி இது வெனிலாவை வாரி இறைக்காது. நல்ல பழைய அரக்கை முகர்ந்தால் முற்றிய தேங்காய், அன்னாசி, மெல்லிய பூ வாசம். வாயில் வறட்சியாகத் தொடங்கிக் கருப்பட்டியில் போய் முடியும். கூடவே ஒரு கள்ளின் புளிப்பு, ஓரத்தில். 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கும் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் குடிக்கும்போது எனக்கு வருகிற பொறாமையைச் சொல்லி மாளாது. நம்மிடம் இல்லாத தென்னையா?

நண்பர்கள் கூடினால் நான் ஊற்றும் வரிசை இது. முதலில் அரக்கு, சும்மா, தண்ணீர்கூட வேண்டாம். அடுத்து ஃப்யூஷன், இரண்டு சொட்டுத் தண்ணீருடன். இந்த இடத்தில் யாராவது ஒருவர் ‘இது பெங்களூரா?’ என்று கேட்பார். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டு லகவூலின். ஆர்ட்பெக், மழை பெய்தால். லஃப்ரோய்க்கைக் கட்டாயம் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால் அதற்கப்புறம் நாக்கில் வேறெதுவும் ஏறாது. வைத்திருக்கிற மற்ற பாட்டில்களுக்குச் செய்கிற துரோகம் அது.