‘நமக்கு அருகில்’: கறுப்பர் அரங்கும் அதன் தெருவும்

கறுப்பு இலக்கியம் என்று தமிழில் நாம் வாசித்ததில் பெரும்பகுதி கவிதை. மிச்சம் சிறுகதை, தன்வரலாறு. எல்லாமே தாளில் பயணம் போகக்கூடியவை. நாடகம் வந்தாலும் பிரதியாகத்தான் வந்து சேர்கிறது. அது எந்தத் தெருவில், யார் முன்னால் நடந்தது, கட்டடத்துக்கு வாடகை கொடுத்தது யார், ஆட்டம் முடிந்தபின் யாரெல்லாம் உட்கார்ந்து பேசினார்கள் என்கிற சங்கதிகள் வழியிலேயே உதிர்ந்துபோகின்றன. கறுப்பர் அரங்கைப் பொறுத்தவரை இந்த உதிர்ந்த சங்கதிகளில்தான் அரசியலே இருக்கிறது.

1926இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் தாம் நடத்திய ‘தி க்ரைஸிஸ்’ இதழில் கறுப்பர் அரங்குக்கு நான்கு நிபந்தனைகளை வைத்தார். அது நம்மைப் பற்றியதாக, நம்மவர் எழுதியதாக, நமக்கானதாக, நமக்கு அருகில் இருப்பதாக இருக்க வேண்டும். முதல் மூன்றையும் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். 1996இல் ஆகஸ்ட் வில்சன், அமெரிக்காவின் 66 பெரிய வட்டார அரங்குகளில் ஒன்றே ஒன்றுதான் கறுப்பருடையது என்று எண்ணிச் சொல்லிக் கிளப்பிய சர்ச்சையும் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றியே நடந்தது. யார் எழுதுவது, யார் நடிப்பது, யார் காசு கொடுப்பது. நான்காவதை எல்லோரும் வெறும் முகவரியாக எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர் வாழும் பகுதியில் ஒரு கட்டடம் இருந்தால் ‘அருகில்’ ஆகிவிட்டது, அவ்வளவுதானே என்று.

அவ்வளவுதானா?

டுபாய்ஸின் சொந்தக் குழுவையே எடுத்துக்கொள்வோம். க்ரிக்வா என்று பெயர். ஹார்லெமில் 135ஆம் தெரு நூலகத்தின் நிலவறைதான் மேடை. முகவரிப்படி இதைவிட அருகில் வர முடியாது. குழுவின் முக்கியமான நாடகாசிரியர்களில் ஒருவர் யூலலி ஸ்பென்ஸ். கலை என்பது பிரச்சாரமாக இருக்க வேண்டும் என்பது டுபாய்ஸின் நிலை. ஸ்பென்ஸ் அதை ஏற்கவில்லை. ஹார்லெம் சனங்களின் வம்பளப்பும் சில்லறைச் சண்டையும் தேவாலயப் பெண்களின் நாட்டாமையும்தான் அவருடைய நாடகங்கள். 1927இல் அவருடைய ‘ஃபூல்ஸ் எராண்ட்’ நியூயார்க் சிறு அரங்குப் போட்டியில் 200 டாலர் பரிசு பெற்றது. டுபாய்ஸ் அந்தப் பணத்தைத் தயாரிப்புச் செலவில் வரவு வைத்துவிட்டார். எழுதியவருக்கும் ஒன்றுமில்லை, நடித்தவர்களுக்கும் ஒன்றுமில்லை. குழு உடைந்துபோச்சு.

இதைப் பெரிய மனிதர் ஒருவரின் சறுக்கல் என்று மட்டும் படித்தால் விஷயம் நழுவிவிடும். ‘நாம்’ என்று தலைவர் சொல்லும்போது அதற்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி, கட்டடம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் தானாகத் தீர்வதில்லை. தெருவைப் பற்றிக் கொள்கை எழுதியவருக்கும் தெருவின் பேச்சை எழுதிய பெண்ணுக்கும் நடுவில் இருந்த தூரம் அந்த நிலவறைக்குள்ளேயே இருந்தது.

2

இதற்கு நேரெதிரான உதாரணம் ஒன்று உண்டு. சொந்தக் கட்டடமே இல்லாமல், ஊர் ஊராகப் போய் அருகில் வந்த அரங்கு. 1963இல் மிசிசிப்பியில் டோரிஸ் டர்பி, ஜான் ஓநீல், கில்பர்ட் மோசஸ் மூவரும் தொடங்கிய ஃப்ரீ சதர்ன் தியேட்டர். டர்பியும் ஓநீலும் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளர்கள், மோசஸ் பத்திரிகைக்காரர். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனாலே வேலை போகும், வீடு எரியும் என்றிருந்த காலம். 1964 கோடையில், மூன்று இளம் களப்பணியாளர்கள் கொல்லப்பட்ட அதே கோடையில், இவர்கள் மார்ட்டின் டூபர்மனின் ‘இன் ஒயிட் அமெரிக்கா’வை எடுத்துக்கொண்டு மிசிசிப்பி சிற்றூர்களுக்குப் போனார்கள். தேவாலயம், சமூகக் கூடம், திறந்தவெளி எது கிடைத்தாலும் மேடை. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கலந்துரையாடல்.

அடுத்த சுற்றில் ஆசி டேவிஸின் ‘பர்லி விக்டோரியஸ்’ நகைச்சுவை நாடகத்தோடு பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’. பருத்திக் காட்டு சனங்களுக்கு பெக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். படித்த வர்க்கம் தன் ரசனையை ஏழைகள் தலையில் கட்டுகிற வேலையாகவும் அது முடிந்திருக்கலாம். நடந்தது வேறு. இடைவேளையில் ஃபேனி லூ ஹேமர் எழுந்து, எல்லோரும் இதைக் கவனமாகப் பாருங்கள், காத்துக்கொண்டே இருந்ததால்தான் கறுப்பர் இவ்வளவு பின்னால் கிடக்கிறோம் என்கிற பொருளில் பேசினார். பண்ணைக் கூலியாக இருந்தவர், வாக்குரிமை கேட்டதற்காகச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். பாரிஸில் இருத்தலின் அபத்தமாகப் படிக்கப்பட்ட காத்திருப்பு, மிசிசிப்பியில் வரலாறாகவும் கட்டளைக்குப் பணிந்து கிடந்த பழக்கமாகவும் படிக்கப்பட்டது. பிரதி மாறவில்லை. அர்த்தத்துக்கு உரிமை கோருகிறவர் மாறினார்.

டுபாய்ஸின் கணக்கில் பார்த்தால் கோடோ முதல் மூன்று நிபந்தனையிலும் தோற்கும். அவர்களைப் பற்றியதில்லை, அவர்கள் எழுதியதில்லை, அவர்களுக்காக எழுதப்பட்டதும் இல்லை. நான்காவது ஒன்று மட்டும்தான் கைவசம். அந்த ஒன்று மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஆகவே அருகாமை என்பது பார்க்கிறவர் எழுந்து பேசலாம் என்கிற நிலைமை. நடிகர் அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்கிற நிலைமை. ‘அருகில்’ என்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

3

இந்த அரங்கு பின்னர் நியூ ஆர்லியன்ஸைத் தளமாக்கிக்கொண்டு, 1960களின் நடுவில் டிசையர் பகுதிக்குக் குடிபோனது. டிசையர்! உலக நாடக வரலாற்றுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரியும். டென்னசி வில்லியம்ஸின் 1947ஆம் வருஷ நாடகத்தின் தலைப்பில் வரும் டிராம் வண்டி அந்தத் தெருப்பெயர் தாங்கிய வண்டிதான். வெள்ளை நாடகத்துக்கு டிசையர் ஓர் உருவகம். கறுப்பருக்கு அது 1956இல் திறக்கப்பட்ட அரசுக் குடியிருப்பு: ரயில் தண்டவாளங்களும் கால்வாய்களும் சுற்றி வளைத்து நகரத்திலிருந்து வெட்டிவிடப்பட்ட ஓரிடம். உருவகமாகப் போன டிசையர் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் பாடம். அங்கே குடிவந்த அரங்கு அடிக்குறிப்பு.

இந்தக் கட்டத்தில் வெள்ளையர் கறுப்பர் சேர்ந்து நடத்துவதா, கறுப்பர் மட்டுமா என்ற சண்டை குழுவுக்குள் வந்தது. அரங்கு கறுப்பர் அரங்காக மாறியது. நியூயார்க்கில் ‘அம்ப்ரா’ கவிஞர் குழுவில் இருந்துவிட்டு 1965இல் சொந்த ஊர் திரும்பிய டாம் டென்ட் பொறுப்புக்கு வந்தார். 1968இல் அக்கம்பக்கத்து இளைஞர்களை வைத்து எழுத்துப் பட்டறை தொடங்கியது. பிளாக் ஆர்ட் சவுத் என்று பெயர். கலாமு யா சலாம் போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். வெளியிலிருந்து நாடகம் கொண்டுபோன இடத்தில் இப்போது அந்த இடமே எழுத ஆரம்பித்தது.

டென்ட் 1967இல் எழுதிய ‘ரிச்சுவல் மர்டர்’ இங்கே கவனிக்க வேண்டிய பிரதி. சனிக்கிழமை இரவு மதுக்கடையில் ஒரு கறுப்பு இளைஞன் தன் உயிர் நண்பனைக் கத்தியால் குத்திவிடுகிறான். ஏன்? கதைசொல்லி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகிறார்: மனைவி, தாய், ஆசிரியை, முதலாளி, மனநல மருத்துவர், வறுமை ஒழிப்புத் திட்ட அதிகாரி, போலீஸ் தலைவர். ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கிறது. ஒவ்வொரு பதிலும் அவரவர் உத்தியோகத்தின் மொழி. அத்தனை பதிலும் சேர்ந்தும் அந்தக் கத்திக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இதே நாடகத்தை நகரத்தின் வெள்ளைப் பார்வையாளர் முன் போட்டால் என்ன ஆகும்? ‘பாருங்க, அவங்களுக்குள்ளேயே வெட்டிக்கிறாங்க’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்லாடலில் அது ஒரு சாட்சியமாகச் சேர்ந்துகொள்ளும். சில கேள்விகளைத் தெருவுக்குள்தான் கேட்க முடியும். கொன்றவனின் தாயும் செத்தவனின் தாயும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடிய இடத்தில் மட்டுமே அது குற்றப்பத்திரிகை ஆகாமல் விசாரணை ஆகும். எதிரிக்கு முன்னால் தன் சமூகத்தைப் புகழ்ந்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயத்திலிருந்து எழுத்தாளரை விடுவிக்கிறது அருகாமை. அதை ஊர்ப்பாசம் என்று சுருக்கிவிட முடியாது.

4

இனி பணம். மேடைக்கு நிதி யார் கையில் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு அரங்கைப் பற்றிக் கோட்பாடு பேசுவது சும்மா வாய்ப்பந்தல். 1965இல் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டபின் லீராய் ஜோன்ஸ் (பிற்பாடு அமிரி பராக்கா) ஹார்லெம் 130ஆம் தெருவில் கறுப்புக் கலை அரங்கும் பள்ளியும் தொடங்கினார். வறுமை ஒழிப்பு நிதியில் அந்தக் கோடை முழுக்க வண்டிகளில் மேடை கட்டித் தெருத்தெருவாக நாடகம், இசை, கவிதை. அரசைத் திட்டும் நாடகத்துக்கு அரசுப் பணம் எத்தனை நாள் வரும்? நிதி நின்றது, உட்பூசல் முற்றியது, ஒரு வருஷத்துக்குள் கதவு மூடியது. ஃப்ரீ சதர்ன் தியேட்டரின் கதை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வேர் டிசையரில்; தண்ணீர் வடக்கே நியூயார்க் நன்கொடையாளர்களிடமிருந்தும் அறக்கட்டளைகளிலிருந்தும். இலவசமாக உள்ளே வந்த சனங்களுக்கு அரங்கை நேசிக்க முடிந்தது, காப்பாற்ற வழியில்லை. 1980இல் முடிந்தது.

பார்பரா ஆன் டியர் வேறு வழி போனார். 1968இல் ஹார்லெமில் நேஷனல் பிளாக் தியேட்டரை நிறுவியவர், 1983இல் 125ஆம் தெருவும் ஐந்தாம் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் கட்டடத்தையே வாங்கிவிட்டார். வாடகை வருமானத்தில் கலை. நிலம் கையில் இருந்தால் யாரும் வெளியேற்ற முடியாது என்கிற தெளிவு அது. அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது என்பதே அதற்குச் சான்று. ஆனால் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்போடு சேர்ந்த புதிய அரங்கு திட்டமிடப்பட்டது. ஹார்லெமில் வாடகை ஏறிக்கொண்டே போக, பழைய குடிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அரங்கு அதே மூலையில் நிற்க, அக்கம்பக்கமே இடம்பெயர்ந்துவிட்டால், யாருக்கு அருகில்?

5

1985இல் ஓநீலும் தோழர்களும் ஃப்ரீ சதர்ன் தியேட்டருக்கு நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி ஜாஸ் இசையோடு சவ ஊர்வலம் நடத்தினார்கள். ‘துக்கமில்லா விடைகொடுத்தல்’ என்று பெயர் வைத்தார்கள். ஓர் அமைப்பு செத்துவிட்டதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அரசியல் குழுக்களுக்கு அபூர்வம். பெயர்ப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பிழைப்பு நடத்துவதுதான் வழக்கம்.

அடக்கம் செய்தபின் மிஞ்சியது ஒரு பழக்கம். ஆட்டத்துக்குப் பின் நடந்த கலந்துரையாடல்களில் வாய் வல்லவர்களே வாதத்தில் ஜெயித்தார்கள், மற்றவர்கள் மௌனமானார்கள் என்பதை ஓநீல் கவனித்திருந்தார். யாராவது ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் எல்லோருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அதிலிருந்து அவர் உருவாக்கியது கதை வட்டம்: வட்டமாக உட்கார், உன் முறை வரும்போது ஒரு கதை சொல், மற்ற நேரம் கேள், வாதாடாதே. கோடோ ஆட்டத்தில் ஹேமர் எழுந்து பேசினார்; எழுந்து பேசும் துணிவு இல்லாதவருக்கும் அந்த இடம் வேண்டும். கதை வட்டத்துக்குக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம். அவருடைய ஜூன்பக் புரொடக்ஷன்ஸ் அதை எடுத்துச் சென்றது. 2019இல் ஓநீல் இறந்தபின்னும் பல ஊர்களில் அது நடக்கிறது.

இதை வைத்து, கட்டடம் வேண்டாம், வட்டம் போதும் என்று சொல்ல வரவில்லை. மழைக்கு ஒதுங்கவும் ஒரு கூரை வேண்டும். ஆனால் கூரைக்காகப் போராடும்போது அதன் கீழே யார் பேசுகிறார்கள் என்பதை மறந்தால் க்ரிக்வாவின் நிலவறைக்கே திரும்பிப் போவோம். மக்கள் அரங்கு என்று பேசுகிற எவரிடமும், விமர்சகர் உட்பட, கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். ஆட்டம் முடிந்ததும் முதலில் எழுந்து போவது யார்? பேச உட்காருவது யார்? பரிசுப் பணம் வந்தால் யார் கைக்குப் போகும்? அந்தத் தெருவில் நாளை ஒரு கொலை நடந்தால், அதைப் பற்றி அங்கேயே ஒரு நாடகம் போட முடியுமா?