கால் வேலியும் முக்கால் மதிப்பெண்ணும்

"எழுபத்தைந்து உண்டா? உண்டெனில் உள்ளே வருக! இல்லையெனில் வந்த வழியே செல்க!"

ஏதோ காட்சிக் கொட்டகையின் வாயிற்காவலன் கூறும் மொழி என எண்ணிவிடாதீர்கள். வரலாறு பயில வந்த மாணவரை நோக்கி இந்நாட்டு உயர்கல்வி விதி கூறிடும் மொழி இது. எழுபத்தைந்து காசு கேட்கவில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து மதிப்பெண் கேட்கிறார்கள்!

பல்கலைக் கழக மானியக் குழு, இளநிலைப் பட்டப் படிப்புக்கென 2022 டிசம்பர்த் திங்களில் ஒரு பாடத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. மூன்றாண்டு பயின்று 120 கிரெடிட் பெற்றால் பட்டம். நான்காண்டு பயின்று 160 கிரெடிட் பெற்றால் 'ஆனர்ஸ்' பட்டம். அந்த நான்காம் ஆண்டில், ஆசிரியர் ஒருவரின் துணையோடு மாணவர் தாமே ஆய்ந்து ஓர் ஆய்வேடு எழுதிட 12 கிரெடிட் ஒதுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, நாமும் வரவேற்போம். ஆனால், கதவைத் திறந்த கையே தாழ்ப்பாளையும் போட்டது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்க்கே அந்த ஆய்வுப் பிரிவு. மற்றையோர்? அந்த 12 கிரெடிட்டுக்கு ஈடாக இன்னும் மூன்று பாடங்களைப் பயின்று, தேர்வெழுதிச் செல்லலாம்!

இவ்விதி எல்லாத் துறைக்கும் பொதுதான். எனினும் வரலாற்றுத் துறையில் இது விளைக்கும் கேடு பெரிது. அதனைத் திருத்திட வேண்டும் என்பதே நாம் கூற வந்தது.

பட்டப் படிப்பின் முடிவில், கற்ற அனைத்தையும் ஒன்றுதிரட்டி மாணவர் தாமே செய்து காட்டும் பணியை மேனாட்டார் 'கேப்ஸ்டோன்' என்பர். கட்டடத்தின் தலைமேல் இறுதியாக ஏற்றப்படும் கல் என்பது அச்சொல்லின் பொருள். முகட்டுக்கல் என நாம் அழைப்போமே! வரலாற்றுத் துறையில் இதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் இருக்கிறது. பெர்லின் பல்கலைக் கழகத்தில் ராங்கே என்னும் பேராசிரியர், மாணவர் சிலரை ஒன்றாக அமர்த்தி, மூல ஆவணங்களை அவர்களையே ஆராயச் செய்தார். 'எவர் எழுதினார், எப்போது எழுதினார், நேரில் கண்டாரா, கேட்டு எழுதினாரா?' எனத் துருவித் துருவிக் கேட்கும் பழக்கத்தை ஊட்டினார். அம்முறை அமெரிக்காவுக்குச் சென்றது. 1869-இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் சார்லஸ் கெண்டல் ஆடம்ஸ் அதனைத் தொடங்கினார். முதலில் மேற்படிப்பினர்க்கே உரியதாகக் கருதப்பட்ட பயிற்சி, நாளடைவில் இளநிலை மாணவர்க்கும் வந்து சேர்ந்தது. இளநிலைக் கல்வி முகட்டுக்கல் பணியோடு நிறைவுற வேண்டும் என்று 1998-இல் பாயர் குழு அமெரிக்க ஆராய்ச்சிப் பல்கலைக் கழகங்களுக்குப் பரிந்துரைத்தது. ஓரெகன் மாநிலத்து ரீட் கல்லூரியில், எத்துறை மாணவராயினும் ஆய்வேடு எழுதினால்தான் பட்டம். அங்கே அது பட்டத்தின் பகுதி. இங்கே அது மதிப்பெண் வாங்கியோர்க்குப் பரிசு! இந்த வேறுபாடு சிறிதென்று எவரேனும் கூறுவரோ?

மூல ஆவணத்தைத் தொட்டுப் பார்த்த மாணவர்க்கும், பாடநூலை மட்டுமே படித்த மாணவர்க்கும் உள்ள தொலைவு எத்தகையது? ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் நாடறிந்தவை. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை. முப்பது குடும்புகள், பெயரெழுதிய ஓலைகள், அவற்றை இடக் குடம், குடத்திலிருந்து ஓலை எடுக்க ஒரு சிறுவன். "ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே மக்களாட்சி கண்ட மண்!" என்று பாடநூல் படித்தவர் பூரிப்பர். தேர்வில் அதையே எழுதுவர். மதிப்பெண்ணும் கிட்டும்.

கல்வெட்டையே படிப்பவர் வேறொன்றும் காண்பார். குடத்தில் பெயர் இடப்படத் தகுதி யாது? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அகவை முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். மந்திரமும் பிராமணமும் கற்றிருத்தல் வேண்டும். வேதம் ஒன்றும் பாடியம் ஒன்றும் வல்லவர்க்கு அரைக்கால் வேலியே போதும்! அவ்வூர் பிரமதேயம், அச்சபை அந்தணர் சபை. உழுதவன் பெயர் குடத்தில் விழவில்லை. பெண்ணின் பெயரும் விழவில்லை.

இதனால் அக்கல்வெட்டின் பெருமை குன்றிவிட்டதா? இல்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வாகக் கூடாது என்று அதே கல்வெட்டு கூறுகிறது. இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்க விதி அன்றோ அது! பெருமையையும் எல்லையையும் ஒருசேரக் காணும் கண்ணே வரலாற்றுக் கண். அக்கண்ணை மூன்று பாடங்களை மேலும் கேட்பதால் பெற்றுவிட முடியாது. மூலத்தை எதிரே வைத்துக்கொண்டு தானே மல்லாடினால்தான் பெற முடியும்.

இனி அந்த 75 விழுக்காட்டைப் பார்ப்போம். ஆறு பருவத் தேர்வுகள் எதனை அளக்கின்றன? பெரும்பாலும் நினைவாற்றலை, மூன்று மணி நேரத்தில் விரைந்து எழுதும் திறனை. முகட்டுக்கல் கேட்பதோ ஐயுறும் ஆற்றலை. பல நாள் பொறுத்திருந்து தேடும் உறுதியை. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றுக்குத் தகுதி வழங்குவது, நீச்சல் பற்றிய கட்டுரையில் முக்கால் மதிப்பெண் பெற்றவனே குளத்தில் இறங்கலாம் என்பது போன்றதாகும்.

தமிழர் வரலாற்றையே சான்று கேட்போம். பிற்காலச் சோழர் சரித்திரத்தை மூன்று பகுதிகளாக எழுதிய சதாசிவ பண்டாரத்தார், மெட்ரிகுலேசன் தேறிப் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றியவர். கல்வெட்டுகளை ஊர் ஊராகச் சென்று தேடிப் படித்துப் புலமை ஈட்டினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1940-இல் 'பௌத்தமும் தமிழும்', 1954-இல் 'சமணமும் தமிழும்' ஆகிய நூல்களை ஈந்த மயிலை சீனி. வேங்கடசாமி, தொடக்கப் பள்ளி ஆசிரியர். இவ்விருவரையும் மதிப்பெண் வாயிலில் நிறுத்தி வைத்திருந்தால், இழந்திருப்பது அவர்களா, நாமா?

"அவர்கள் அரியவர்கள். எல்லா மாணவரும் ஆராய்ச்சியாளர் ஆகிவிடுவரோ?" என்று கேட்பர்.

ஆகமாட்டார்கள். அதனாலேதான் எல்லாருக்கும் வேண்டும் என்கிறோம்! மேலே பயிலப் போகிறவர்க்கு முதுகலை இருக்கிறது, முனைவர் பட்டம் இருக்கிறது. மூல ஆவணத்தைத் தொட இன்னும் பல வாய்ப்புகள் உண்டு. பட்டத்தோடு படிப்பை முடித்து ஆசிரியராகவும் எழுத்தராகவும் வணிகராகவும் வாழப் போகிறவர்க்கு இதுவே முதல் வாய்ப்பு. இதுவே கடைசி வாய்ப்பு. நாளை அவர் கைப்பேசியில் நாளொன்றுக்கு நான்கு பொய் வரலாறுகள் வந்து விழும். அரசன் பெயரால் ஒன்று, சாதியின் பெயரால் ஒன்று, கோயிலின் பெயரால் ஒன்று, மொழியின் பெயரால் ஒன்று. 'இதற்குச் சான்று எங்கே?' என்று கேட்கும் வாய் அவர்க்கு வேண்டாமா? அந்த வாயைத் திறக்கும் பயிற்சியைத்தான், யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே மறுக்கிறது இவ்விதி. மூன்றாம் ஆண்டோடு வெளியேறுவோர்க்கோ ஆய்வேடு என்ற பேச்சே இல்லை!

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதனை மறைப்பது முறையாகாது. "வகுப்பில் அறுபது மாணவர், துறையில் ஆசிரியர் சிலர். அறுபது ஆய்வேட்டை எவர் பார்ப்பது? கடையில் காசு கொடுத்து, பொன்னெழுத்துப் பொறித்து, பைண்டிங் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்களே!" என்பர். உண்மை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு காசும் வேண்டா. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை தயார்!

நோய் உண்டென்பதை ஒப்புகிறோம். ஆனால் 75 விழுக்காடு அதற்கு மருந்தாகாது. எண்பது வாங்கியவரும் கடைக்குச் செல்லலாம். மாற்ற வேண்டியது பணியின் வடிவத்தை.

எண்பது பக்க ஏடு எதற்கு? இருபது பக்கம் போதும். ஆனால் அது சொந்த ஊர் மூலத்தில் ஊன்றி நிற்கட்டும். ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அங்கு முதன்முதல் சேர்ந்த பெண் யார், எந்த ஆண்டு, தந்தையின் தொழில் யாது என்று ஒரு மாணவி ஆராயட்டும். ஊர்க் கோயிலின் கல்வெட்டை மற்றொருவர் படிக்கட்டும். ஆலை மூடப்பட்ட நாளை அங்கு உழைத்த முதியவர் வாய்மொழியாய்க் கேட்டு, அதனைச் செய்தித்தாளோடு ஒத்துப் பார்த்து இன்னொருவர் எழுதட்டும். 1909-இல் எழுந்த எழும்பூர் ஆவணக் காப்பகம் சென்னையில் இருக்கிறது. 1670 முதற்கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகள் அங்கு உறங்குகின்றன. அவற்றுள் ஒரு திங்களின் பதிவை மட்டும் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். இவற்றைக் கடைக்காரர் அறியார். எந்திரமும் அப்பதிவேட்டைக் கண்டதில்லை.

பத்துப் பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, வாரம் ஒருமுறை ஒருவர் கண்டதை மற்றவர் வினவட்டும். ஆசிரியரின் சுமை பாதி குறையும். முடிந்த ஏட்டிற்கு மட்டுமின்றி, தேடிய நாட்குறிப்புக்கும் மதிப்பெண் தரட்டும். இறுதியில் கால் மணி நேரம் நேரில் அமர்த்தி, "இதை எங்கே கண்டாய்? இது பொய்யாக இருக்கக்கூடாதா?" என்று கேட்கட்டும். கடன் வாங்கிய ஏடு அக்கால் மணியில் கரைந்துவிடும். எந்த மொழியில் மாணவர் சிந்திக்கிறாரோ அந்த மொழியில் எழுத இடந்தரட்டும்.

முகட்டுக்கல்லை மட்டும் கொண்டுவந்து மொட்டைச் சுவரில் வைத்தால் நில்லாது. முதலாண்டில் ஓர் ஆவணம், இரண்டாமாண்டில் ஒன்றோடொன்று முரணும் ஈராவணம் என்று படிப்படியாய்ப் பழக்கி, மூன்றாம் ஆண்டிலேயே அனைவர்க்கும் இப்பணியைக் கட்டாயமாக்க வேண்டும். நான்காம் ஆண்டு இருக்குமாயின், விரும்புவோர் அதனை விரித்து எழுதட்டும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாட்டரசு ஏற்க மறுத்தது. மறுத்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. மூன்றாண்டுப் படிப்பின் இறுதிப் பருவத்தில் வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மூலத்தையேனும் தொட்டெழுதச் செய்து, அதனினும் மேலானதை நம்மால் அமைக்க முடியும் என்று காட்டுவதே மறுப்புக்கு மாண்பு தரும்.

கால் வேலி இல்லாதார் பெயர் அன்று குடத்தில் விழவில்லை. அதனைக் கல்லில் படித்துக் கண்டுபிடித்தவர் நாம். முக்கால் மதிப்பெண் இல்லாதார் பெயரை இன்று ஆய்வேட்டில் விழாமற் செய்துவிட்டு, அதற்குத் தகுதி என்று பெயர் சூட்டுவோமானால், நாளை ஒரு மாணவர் நம் விதிகளையும் மூல ஆவணமாக எடுத்துப் படிப்பார்; நம்மைப் பற்றியும் எழுதுவார். அவர் என்ன எழுத வேண்டும் என்பதை இன்றே முடிவு செய்யும் பொறுப்பு, பாடத்திட்டக் குழுவில் அமர்ந்திருப்போர் கையில் இருக்கிறது.