விகடகவியும் பைத்தானும்: தொடக்கநிலை நிரலாக்கப் பயிற்சிகளில் ‘எழுத்து’

முன்னுரை

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவருக்குச் சரங்கள் பற்றிய பாடத்தில் வழக்கமாகத் தரப்பெறும் பயிற்சிகள் இரண்டு: ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணுதல்; அச்சொல் இருபுறமும் ஒத்து வருகிறதா எனக் காணுதல். ஆங்கிலச் சொற்களை மனங்கொண்டு அமைந்த இவற்றைத் தமிழ்ச் சொற்களுக்குப் பொருத்தும்போது எழும் சிக்கலையும், அச்சிக்கலையே பயிற்சியாக்கும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்தும் குறியீடும்

பைத்தான் 3-இல் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என விடை வரும். இலக்கணப்படி அச்சொல்லில் உள்ளவை 3 எழுத்துகளே. கணினி எண்ணியவை த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்னும் யூனிகோடு குறியீடுகள். மாலைமாற்றுக்கு எடுத்துக்காட்டாக வழங்கும் ‘விகடகவி’யைத் தலைகீழாக்கி ஒப்பிட்டால் ‘பொய்’ என விடை வருவதும் இதனாலேயே. இகரக்குறி தன் வகரத்துக்கு முன்னே சென்றுவிடுகிறது.

க் என்னும் மெய்யுடன் அகரம் சேர்ந்து க பிறக்கிறது என்பது இலக்கணக் கொள்கை. யூனிகோடோ க-வை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியைச் சேர்த்தே மெய்யைப் பெறுகிறது. இலக்கணம் அறிந்த மாணவர் இம்முரணைத் தம் பிழையெனக் கருதக்கூடும். ஆசிரியர் தமிழ்ச் சொற்களைக் கைவிட்டு ‘லெவல்’, ‘மேடம்’ என ஆங்கிலத்துக்கு மாறுதல் எளிது. எனினும் அது சிக்கலை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

பயிற்சி வரிசை

முதற்பயிற்சியில் மாணவர் விடையை ஊகித்து எழுதிய பின்னரே நிரலை இயக்குதல் வேண்டும். இரண்டாவதில் குறியீடுகளை ஒவ்வொன்றாக அச்சிடலாம். மூன்றாவதில், உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முன்னுள்ளதனோடு சேர்த்தல், பிற வந்தால் புதிய எழுத்தைத் தொடங்குதல் என்னும் விதியை நிரலாக்கலாம். மடக்கு, நிபந்தனை, பட்டியல் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே பயன்படுகின்றன. நான்காவதில் அப்பட்டியலைத் தலைகீழாக்கி ஒப்பிட, விகடகவிக்கு ‘மெய்’ என்னும் விடை கிடைக்கும்.

இவ்வரிசைக்கும் வரம்புண்டு. பட்டியலை அறியாத மாணவருக்கு மூன்றாம் பயிற்சி பொருந்தாது. மேலும், க்ஷ இவ்விதியால் க், ஷ என இரண்டாகப் பிரியும். அதனை ஓரெழுத்தாகக் கொள்வதா என்பதைக் கணினி முடிவு செய்யாது. நிரலை எழுதுபவரே முடிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

பயிற்சியை வகுப்பில் தருமுன் தமிழ்ச் சொல்லைக் கொண்டு இயக்கிப் பார்ப்பது ஆசிரியரின் கடமை. ‘எழுத்து’ என்பதை முதலில் வரையறுத்த பின்பே எண்ணத் தொடங்கும் பழக்கம், நிரலாக்கத்துக்கும் இலக்கணக் கல்விக்கும் ஒருசேரப் பயன்படும்.